கடைசி அத்தியாயத்தில் மழை

ஜூன் 9

பதிப்பாளர் ஜோதிவேல் காலையில் அழைத்தார். என் நாவலைப் போடுகிறாராம். ஆகஸ்டில் நம் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்றார். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட எனக்கு மூச்சு விடும் நேரம்கூடத் தரவில்லை. அடுத்த வார்த்தையிலேயே, "அணிந்துரை ஆருகிட்ட வாங்கறதுங்க்கா?" என்கிறார்.

எதற்கு அணிந்துரை என்றேன். நாவல் நன்றாக இருந்தால் படிப்பார்கள், இல்லாவிட்டால் தூக்கிப் போடுவார்கள். நடுவில் இன்னொருவர் எதற்கு?

"மொதப் பொஸ்தகங்க்கா. பெரியாளு ஒருத்தரு நாலு வார்த்த சொன்னாத்தான் ஆரும் எடுத்துப் பாப்பாங்க. சித்திரபானு சாருக்கு அனுப்பிட்டனுங்க. கோயமுத்தூர்ல இருக்கறாரு, உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன. நாவல் எழுதியதைவிட அடுத்தவர் நாவலுக்கு அணிந்துரை எழுதியதுதான் அதிகம். என்னைக் கேட்காமலே அனுப்பியாயிற்று. இருபது வருஷமாக லேபில் உட்கார்ந்து இந்த ஊர்க்காரர்கள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன். என் ஊசிக்கு யாரும் அணிந்துரை எழுதியதில்லை. கூட்டம் வடிந்த பிறகு, வீணாய்ப்போன ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிய நாவல் இது. அப்போதும் யாரும் வந்து கை பிடித்து எழுத வைக்கவில்லை.

மகள் நித்திலா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அவளிடம் போனில் சொன்னேன். அவள் அவளுடைய அப்பாவிடம் சொல்லிவிட்டாள். ஹாலில் அவர் போனில் "அப்படியா" என்றது அடுப்படிக்குக் கேட்டது.

ஜூன் 12

சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. நித்திலா பெங்களூரிலிருந்து போன் செய்து சொன்னாள்.

ஜூன் 14

நூலக வாசகர் வட்டத்துச் செயலாளர் லேபுக்கே வந்துவிட்டார். திருவிழாவை ஒட்டி ஒரு மலர் போடுகிறார்களாம். "புதிதாக எழுத வருகிறவர்களுக்கு" என்று நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். என் முதல் புத்தகமே இன்னும் வெளியில் தலை காட்டவில்லை. எனக்கு யாராவது சொல்லித் தந்தால் தேவலை என்றிருக்கிறேன். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். கேட்டால் இனிக்கத்தான் செய்கிறது.

எழுத உட்கார்ந்தால் ஒரே எரிச்சலாக வருகிறது. எழுதப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லாதே, இதுதான் முதல் பாடம். சொன்னால், "எங்க ஊட்ல நடந்தத எழுதுனா பத்து நாவல் வருமே" என்பார்கள். அந்தப் பத்து நாவலையும் நீ நின்று கேட்க வேண்டியிருக்கும். இரண்டாம் பாடம் எழுதுவதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

ஜூன் 17

சித்திரபானு அழைத்தார். போனிலும் மைக் பிடித்த குரல்தான்.

"ஒரே மூச்சில படிச்சேம்மா. அந்தப் புருஷன், ஒரே வீட்டுக்குள்ள இருந்துகிட்டு வருஷக்கணக்கா பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசாம இருக்கானே, நெஞ்சை அடைச்சிருச்சு. ஒண்ணு கேட்கலாமா? இது உங்க சொந்தக் கதைதானே?"

"இல்லைங்க. கற்பனைங்க."

"சொல்ல வேண்டாம்மா. நான் புரிஞ்சுக்கறேன்."

என்னத்தைப் புரிந்துகொண்டார்? இவருடைய நாவல் ஒன்றில் தம்பிக்காரன் அண்ணனைக் கிணற்றில் தள்ளிக் கொல்கிறான். உங்கள் அண்ணன் எப்படி இறந்தார் என்று யாராவது இவரைக் கேட்டார்களா? ஆண் எழுதினால் கற்பனை வளம். பெண் எழுதினால், அவள் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பற்றிக்கொண்டு வருகிறது.

வித்தியாசம் கொஞ்சமா வைத்திருக்கிறேன்? நாவலில் வருகிறவன் அரிசி மண்டிக்காரன். என் வீட்டுக்காரர் நல்லசிவம் தறிக்காரர்களுக்கு நூல் விற்கும் ஏஜென்ட். அவனுக்கு மீசை உண்டு, இவருக்கு இல்லை. அங்கே இருவருக்கும் நடுவில் சேதி சுமப்பது மகன். எனக்கு மகள். இதற்கு மேல் ஒரு எழுத்தாளர் என்ன செய்ய முடியும்?

முதல் பக்கத்தில் "இதில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் முழுக்கக் கற்பனையே" என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லி ஜோதிவேலிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 20

சாயங்காலம் திடீர் மழை. நான் வேலையிலிருந்து வருவதற்குள் பின்பக்கக் கொடியில் என் சேலைகள் சொட்டச் சொட்ட நனைந்து தொங்கின. அவருடைய சட்டைகள் நனையவில்லை. கட்டில் மேல் மடிப்புக் கலையாமல் இருந்தன.

சேலைகளை மறுபடி அலசிப் பிழிந்து போட்டேன். முதுகு விட்டுப் போயிற்று.

ஜூன் 22

விடியக் காலையிலேயே லேபில் வெறும் வயிற்றுக் கூட்டம். சர்க்கரை பார்க்க வந்த ஒருவர் கையை நீட்டிக்கொண்டே, "போன தடவ சாஸ்தியாப் போட்டுட்டீங். இந்தத் தடவ கொஞ்சம் கொறச்சுப் போடுங் அம்மிணி. ஊட்ல சோறே போட மாட்டீங்கறாங்க" என்றார். ரத்தத்தில் இருப்பதைத்தான் போட முடியும் என்றேன். முறைத்துக்கொண்டே போனார்.

என்னோடு வேலை செய்கிற ஷகீலா, பத்திரிகையில் வந்த என் நாவலின் ஒரு அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, "அக்கா, உங்க ஊட்டுக்காரரு உங்ககிட்டப் பேசவே மாட்டாராக்கா?" என்றாள்.

"நீ பேய்க் கதை படிச்சா எழுதுனவரு பேயான்னு கேப்பியா?"

"பேய்க் கதைல வர்ற பேயி, கொழம்பு வேணும்னா சாப்பாட்டுத் தட்ட நாலு வெரல் தள்ளி வெக்காதேக்கா. அதெல்லாம் பாத்தாத்தானே எழுத முடியும்?"

மத்தியானம் வரை அவள் முகத்தையே பார்க்கவில்லை.

ஜூன் 26

நாவல் இப்படித்தான் முடிகிறது. மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. அவள் அடுப்படியில் இருக்கிறாள். அத்தனை வருஷமாக அவளிடம் வாய் திறக்காத மனுஷன் வாசற்படியில் வந்து நின்று, "மழ வருது, துணிய எடு" என்கிறான். அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காகத்தான் மீதி இருநூறு பக்கத்தையும் எழுதினேன்.

ஜோதிவேலுக்கு இது பிடிக்கவில்லை. சித்திரபானுவுக்கும் பிடிக்கவில்லையாம்.

"அவ ஊட்ட உட்டுப் போகோணுங்க்கா. பெட்டியத் தூக்கிட்டு, கதவ டமார்னு சாத்திட்டு. அப்பத்தான் பரிசுக்கெல்லாம் நிக்கும். இத்தன வருசம் கொடும பண்ணுனவன் வந்து துணிய எடுங்கறான், இவளும் போயி எடுக்கறா. கூட்டத்துல உங்களக் கிழிச்சுருவாங்க."

"அவ எடுத்தாளா இல்லையான்னு நான் எழுதவே இல்லையே."

"அதும் போக, அவன் பேசாம இருக்கறதுக்குக் காரணமே பத்தாதுங்க்கா. சொந்தக்காரங்க மத்தியில அவன் என்னமோ பெருமையாப் பேசறான், இவ சிரிச்சுடறா. ஒரு சிரிப்புக்கு இத்தன வருசமா? ஆரு நம்புவா?"

நம்பாவிட்டால் போகட்டும். ஒரு சிரிப்பு போதும். எனக்குத் தெரியும். கதைக்கு எது போதும் என்பது எழுதுகிறவளுக்குத் தெரியும் என்ற அர்த்தத்தில் சொல்கிறேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாளாம்? பஸ் ஸ்டாண்டுக்கா? இவர்கள் வீட்டில் யாராவது பெட்டியைத் தூக்கியிருக்கிறார்களா? அடுத்தவள் பெட்டி என்றால் யாருக்கும் கனமே தெரிவதில்லை. முடிவை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாசகர் வட்டத்துக் கட்டுரையில் இதையும் சேர்க்க வேண்டும். அச்சாகி முடியும் வரை உன் முடிவைப் பற்றி ஒருத்தரிடமும் பேச்சுக் கொடுக்காதே.

ஜூன் 30

வெளியீட்டு விழா அழைப்பிதழாம். முதல் பிரதியை என் வீட்டுக்காரர் மேடையேறி வாங்கிக்கொண்டால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று ஜோதிவேலுக்கு யோசனை.

"அன்னிக்கு அவருக்கு வேலை இருக்குதுங்க."

"கேட்டீங்களாக்கா?"

"கேக்காமயே தெரியும்."

மேடை, பொன்னாடை, முதல் பிரதி, போட்டோ. புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஏற்பாடு நடக்கிறது.

ஜூலை 3

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. நித்திலா அவள் ஆபீஸ் நேரத்தில் போன் செய்தாள். "மோட்டார்ல காயில் போயிருச்சாம். ஆளு பதினோரு மணிக்கு வருவாராம். நீ லீவு போடோணுமாம்."

"முடியாதுன்னு சொல்லு. உங்கப்பாவ இருக்கச் சொல்லு."

வைத்துவிட்டு மறுபடி அழைத்தாள். "அவருக்குப் பவானில வேலையாம்."

"எனக்கும்தான் வேலை. சொல்லு."

அடுத்த முறை அழைத்தவள் கத்தினாள். "அம்மா, மீட்டிங்ல இருந்து எந்திரிச்சு வந்து பேசறேன். அப்பா ஹால்ல இருக்கறாரு, நீ அடுப்படில இருக்கற. நடுவுல ஒரே ஒரு செவுரு. நான் பெங்களூர்ல உக்காந்துட்டு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மோட்டாரப் பத்திப் பேசிட்டிருக்கேன். பத்தாவது படிக்கறப்ப இருந்து எனக்கு இதே வேலை. நாளைக்கு எனக்குக் கல்யாணமாயிட்டா ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?"

வேலை டென்ஷன். இந்தக் கம்பெனிக்காரர்கள் பிள்ளைகளைப் பிழிந்து எடுக்கிறார்கள்.

மோட்டார்காரர் வந்தபோது இருவருமே வீட்டில் இருந்தோம். அவரும் பவானிக்குப் போகவில்லை, நானும் லேபுக்குப் போகவில்லை. என்ன கோளாறு என்பதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மோட்டார்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 8

அணிந்துரை வந்துவிட்டது. ஆறு பக்கம். முதல் மூன்று பக்கம் சித்திரபானு எழுத வந்த கதை. அடுத்தது அவர் வெளிநாடு போய் வந்த கதை. ஐந்தாம் பக்கத்தில் போனால் போகிறது என்று நான் வருகிறேன். வந்ததும் இப்படி எழுதியிருக்கிறார்:

"இது கதையல்ல. இந்தச் சகோதரி தன் வீட்டின் மௌனத்தை, தன்னோடு பேச மறுத்துவிட்ட கணவனை, ரத்தமும் சதையுமாக நம் முன் வைத்திருக்கிறார். அவர் வாழும் வீடே இந்த நாவல்."

அத்தோடு நின்றாரா? கடைசிப் பக்கத்தில் அவன் பேசும் அந்த ஒரு வரியையும் மேற்கோள் போட்டு எழுதி, இந்த முடிவில் தனக்கு உடன்பாடில்லை என்றும் சொல்லி வைத்திருக்கிறார். வாசகர் உள்ளே கால் வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் போட்டு உடைத்தாயிற்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உடனே ஜோதிவேலைப் பிடித்தேன். அந்தப் பத்தியை எடுத்தால்தான் புத்தகம் வரும் என்றேன்.

"அவரு எழுத்துல ஒரு கமாவக்கூட நாம தொட முடியாதுங்க்கா. சங்கடப்படுவாரு."

"என் ஊட்ட மட்டும் அவரு தொடலாமா? எனக்குச் சங்கடம் இல்லையா?"

"அப்ப அது உங்க ஊடுதானுங்களாக்கா?"

போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 9

கோபம் ஆறவில்லை. தேங்காய் துருவப் போய் விரலைத் துருவிக்கொண்டேன்.

ஜூலை 11

நாவலின் மெய்ப்பு வந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் நான் திருத்திக் கொடுக்க வேண்டிய தாள்கட்டு. லேப் விலாசத்துக்கு அனுப்புங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஜோதிவேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் வரும்போது கவர் பிரிந்து சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. மேலேயே சித்திரபானுவின் அணிந்துரை. அதன் மேல் என் வீட்டுக்காரருடைய கண்ணாடிக் கூடு.

அடுத்தவர் பெயருக்கு வந்த கவரைப் பிரிப்பது என்ன பழக்கம்? பேப்பரில் நூல் விலையைத் தவிர வேறெதையும் படிக்காத மனுஷர். பத்திரிகையில் என் கதை வந்தபோதெல்லாம் அந்தப் பக்கத்தின் மேல் டீத் தம்ளரை வைத்தவர். இன்றைக்கு மட்டும் என்ன அக்கறை?

தாள்கட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். பீரோச் சாவி சரியாகத் திரும்புவதில்லை. அங்கேயே விட்டுவிட்டேன்.

ஜூலை 13

மேஜையில் தாள்கட்டு இரண்டாக இருக்கிறது. படித்தது குப்புற ஒரு பக்கம், படிக்காதது இன்னொரு பக்கம். நேற்றைவிட இன்று குப்புறக் கிடப்பது உயர்ந்திருக்கிறது. டிவி சத்தமே இல்லை. நித்திலாவும் போன் செய்யவில்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது போலும்.

நான் ஒன்றும் போய்ப் பார்க்கவில்லை. மேஜையைத் துடைக்கும்போது கண்ணில் படுகிறது. இன்று மேஜையை அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது.

ஜூலை 15

நித்திலா அழைத்தாள். "அம்மா, அப்பா எனக்கு போனே பண்றதில்ல. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன்.

"நீ பாத்தியா?"

"மேஜையத் தொடைக்கறப்பப் பாத்தேன்."

ஜூலை 18

சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வெயில் இன்னும் தாழவில்லை. அடுப்படி வாசலில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். நான் நிமிரவில்லை.

"கடைசில அவன் பேசறான்னு எழுதியிருக்கற," என்றார். "அவன் பேச மாட்டான்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் கேட்கிற குரல்தான். என்னைப் பார்த்து வந்தபோது வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஆரு?" என்றேன்.

"அந்த மண்டிக்காரன். மழ வந்தா அவன் துணிய அவன் எடுத்துப் போட்டுட்டு உக்காந்துக்குவான். துணிய எடுன்னெல்லாம் சொல்ல மாட்டான்."

கையிலிருந்த கீரைக் காம்பு ஒடிந்தது. இத்தனை வருஷம் கழித்து இந்த மனுஷர் என்னிடம் வாய் திறக்கிறார். நன்றாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை. என் தலை பாதி நரைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விமர்சனம் பண்ண வந்திருக்கிறார்.

"உங்களப் பத்தி ஆருங்க எழுதுனாங்க?" என்றேன். "அது கற்பனைங்க. கற்பனைல ஆளுக பேசுவாங்க."

போகத் திரும்பியவர் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவளுந்தான் பேசல. எரநூறு பக்கத்துல அத ஒரு எடத்துலயும் காணமே."

போய்விட்டார். ஹாலில் டிவி போடும் சத்தம் கேட்டது. கீரையைப் பொரியல் செய்தேன். தேங்காய் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 19

என்ன திமிர்.

அவள் எதற்குப் பேச வேண்டும்? முதலில் வாயை மூடிக்கொண்டது யார்? சொந்தக்காரர்கள் நடுவில், தறி போட்டு நொடித்துப் போனதை ஏதோ மில்லே வைத்திருந்ததுபோல அவன் அளந்துகொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டுமென்றா சிரித்தாள்? மறுநாள் காப்பி கொண்டுபோய் வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளும் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லையா? அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் நூறு பேசியிருப்பாள். அந்த ஒன்றுக்காக அவள் காத்திருந்தது தப்பா?

தறி என்று எழுதிவிட்டேன். நாவலில் அது மண்டி.

இதையெல்லாம்விடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருக்கிறது. சித்திரபானு ஒரே மூச்சில் படித்தார், அவர் கண்ணுக்கு இது படவில்லை. ஜோதிவேல் பரிசுக்கு நிற்குமா என்று பார்த்துப் படித்தார். ஷகீலா என் வீட்டு ஜன்னலைப் பார்த்துப் படித்தாள். தாள் தாளாகத் திருப்பி, அந்த மண்டிக்காரன் என்ன செய்வான், என்ன செய்ய மாட்டான் என்று யோசித்துப் படித்தது ஒரே ஒரு ஆள். என் நாவலை ஒழுங்காகப் படித்த அந்த ஒரு ஆள் இவராகவா இருக்க வேண்டும்?

மண்டிக்காரன் பேச மாட்டான்தான். எழுதும்போதே தெரியும். அவன் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்.

ஜூலை 23

கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதி அனுப்பிவிட்டேன். மழை வருகிறது. அவன் பின்பக்கம் போய்த் தன் சட்டைகளை மட்டும் எடுத்து வந்து கட்டிலில் மடித்து வைக்கிறான். அவள் அடுப்படி ஜன்னல் வழியாகத் தன் சேலைகள் நனைவதைப் பார்க்கிறாள். என் துணியையும் எடுங்கள் என்று சொல்ல அவளுக்கும் வாய் இருக்கிறது. அவள் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து மழைச் சத்தத்தைக் கேட்கிறார்கள்.

எழுதும்போது பேனா அழுந்தித் தாள் கிழிந்தது. கோபத்தில்தான்.

"முந்தினதே தேவலைங்க்கா," என்றார் ஜோதிவேல். "இது கசக்குது." கசக்கட்டும் என்றேன். சித்திரபானுவிடம், முடிவு மாறிவிட்டது, அணிந்துரையில் அந்த இடத்தையும் வீட்டைப் பற்றிய பத்தியையும் எடுத்துவிடுங்கள் என்று நானே போன் செய்து சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம். "நான் எழுதினதுக்கு அப்புறம் நாவலை மாத்தறதா? என் அணிந்துரையைத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. உங்க புத்தகத்தை நீங்களே தூக்கிட்டு நடங்க." நடக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன நிம்மதி.

அந்தக் "கற்பனையே" வரியையும் ஜோதிவேலிடம் எடுத்துவிடச் சொன்னேன்.

"நீங்கதானுங்க்கா கொட்ட எழுத்துல போடச் சொன்னீங்க?"

பக்கம் அடைசலாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 27

வாசகர் வட்டத்துக் கட்டுரையை ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அணிந்துரைக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் சொந்தக் கதையா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பொழுதை வீணாக்காதீர்கள். உங்கள் ஆசைக்காகப் பாத்திரங்களைப் பேச வைக்காதீர்கள், அவர்கள் உங்களுக்குக் கடன்பட்டவர்கள் இல்லை. கொடுமைக்காரனைப் பற்றி எழுதினால் அவன் எதிரில் இருப்பவளையும் அதே கண்ணால் பாருங்கள். உங்களுக்கு ஆகாத ஆள் உங்கள் எழுத்தைப் பற்றிச் சரியாக ஒன்றைச் சொல்லிவிட்டால் நன்றாகக் கத்துங்கள், அடுப்படிப் பாத்திரத்தை உருட்டுங்கள், அப்புறம் உட்கார்ந்து திருத்துங்கள்.

செயலாளர் படித்துவிட்டு, "கொஞ்சம் ஊக்கம் குடுக்கற மாதிரி எழுதியிருக்கலாமுங்க" என்றார். இதைப் படித்த பிறகும் எழுத வருகிறவர்கள் வரட்டும், அதுதான் ஊக்கம் என்றேன். போட்டால் இப்படியே போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 1

புத்தகம் அச்சாகிவிட்டது. பைண்டிங்கில் இருக்கிறதாம். இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்று ஜோதிவேல் சந்தோஷமாகச் சொன்னார்.

லேபிலிருந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. காலையில் சேலைகளைக் கொடியில் போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. எப்படியும் நனைந்திருக்கும், நனையட்டும் என்று மெதுவாகவே வந்தேன். பின்பக்கம் போய்ப் பார்த்தால் கொடி காலியாகக் கிடந்தது.

கட்டில் மேல் அவருடைய சட்டைகள், எப்போதும்போல மடிப்புக் கலையாமல். பக்கத்தில் என் சேலைகள். சேலை மடிக்கத் தெரியாமல் போர்வையைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி அடுக்கியிருந்தது. ஒன்றில் கிளிப்பைக்கூட எடுக்கவில்லை. அடியில் இருந்தது இன்னும் ஈரம். ஹாலில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் அந்தச் சேலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அப்புறம் கோபம் தலைக்கேறியது. தன் துணியை மட்டும்தான் எடுப்பான் என்று அடித்துச் சொன்னது இவர் வாய்தானே? அதை நம்பித்தானே என் முடிவை வெட்டி எறிந்தேன், பெரிய மனுஷரைப் பகைத்துக்கொண்டேன்? இதைப் பத்து நாளைக்கு முன்னால் செய்திருக்கக் கூடாதா? இந்த மனுஷரை நம்பி ஒரு கடைசிப் பக்கம் எழுத முடிகிறதா?

நித்திலாவுக்குப் போன் செய்தேன். "உங்கப்பாகிட்டச் சொல்லு. ஈரச் சேலைய இப்படிச் சுருட்டி வெச்சா வாட வந்துரும்னு சொல்லு."

"அப்பா உன் சேலைய எடுத்து வெச்சாரா?" என்றாள்.

"கேள்வி கேக்காத. சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

போய்ச் சொன்னேன்.